கோடையில் டயரின் காற்றைக் குறைக்கச் சொல்வது சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகன இணைப்பில் அண்மையில் வெளிவந்த கோடைக்காலப் பராமரிப்புக் குறிப்புகளில், வெயிலில் காற்று விரிவடையும் என்பதால் கார் டயரில் வழக்கமாக வைக்கும் அளவைவிட நான்கைந்து பிஎஸ்ஐ (டயர்க் காற்றின் அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைத்து வைப்பது பாதுகாப்பானது என்று ஒரு யோசனை இடம்பெற்றிருந்தது. சித்திரை பிறக்கும் முன்பே இந்த யோசனை ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் வலம்வரத் தொடங்கிவிடுகிறது. பஞ்சர் கடைகளிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் காற்று பிடிப்பவர்களே, "வெயில் காலம் சார், ரெண்டு குறைச்சு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வால்விலிருந்து காற்றை இறக்குவதைப் பார்க்கலாம். பள்ளியில் பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், இந்த யோசனை தவறானது மட்டுமல்ல, டயர் வெடிக்கும் வாய்ப்பை அதுவே கூட்டுகிறது என்பதைக் கணக்கோடு சொல்ல விரும்புகிறேன்.

வெப்பநிலை உயர்ந்தால் வாயுவின் அழுத்தமோ பருமனோ உயரும் என்பதில் சந்தேகமில்லை. எது உயரும் என்பது அந்த வாயு எதற்குள் அடைபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பலூன் தாராளமாக விரிந்துகொடுக்கும் என்பதால் அதற்குள் இருக்கும் காற்றைச் சூடாக்கினால் பெருமளவு பருமன்தான் கூடும். சார்லஸ் விதி என்று பாடநூலில் படிப்பது இதைத்தான். (1783 டிசம்பரில் பாரிஸிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் ஏறிப் பறந்த அதே சார்லஸ்தான் இவர், தம் சோதனை முடிவை அவர் அச்சிடவே இல்லை, 1802இல் கே-லூசாக் வெளியிட்டபோதுதான் அது உலகுக்குத் தெரிந்தது.) டயர் அப்படியன்று. அதன் ரப்பருக்குள் எஃகுக் கம்பிகளும் நைலான், பாலியஸ்டர் இழைகளும் பின்னப்பட்டிருப்பதால் அது சற்றும் விரிந்துகொடுக்காது என்றே கொள்ளலாம்; பருமன் மாறாத நிலையில் சூடு முழுவதும் அழுத்தமாகவே வெளிப்படும். ஆகவே ஓடிய டயரில் அழுத்தம் கூடியிருப்பது உண்மை. கேள்வி, எவ்வளவு கூடுகிறது என்பதும், அப்படிக் கூடுவது ஆபத்தா என்பதும்தான்.

எவ்வளவு என்பதைக் கணக்கிடும்போது இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. முதலாவது, வாயு விதிகளில் இடவேண்டிய வெப்பநிலை செல்சியஸ் அன்று; அதனுடன் 273ஐக் கூட்டிவரும் கெல்வின் அளவு. இரண்டாவது, காற்று பிடிக்கும் இடத்தில் கேஜ் காட்டும் எண், டயருக்குள் இருக்கும் முழு அழுத்தம் அன்று. வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. பஞ்சராகித் தரையோடு ஒட்டிக்கிடக்கும் டயரில் கேஜ் பூஜ்யம் காட்டினாலும் உள்ளே வளிமண்டல அழுத்தமான 14.7 பிஎஸ்ஐ இருந்துகொண்டுதான் இருக்கிறது. வாயு விதிக்கு வேண்டியது இந்த 14.7ஐயும் சேர்த்த முழு அழுத்தமே. நம் பாடநூல்கள் முதல் விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இரண்டாவதை ஏனோ அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய மாணவர்கூட டயர்க் கணக்கில் தடுமாறுவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது கணக்கைப் போடுவோம். அதிகாலையில் 27 டிகிரியில் ஒரு காரின் டயரில் 32 பிஎஸ்ஐ வைத்திருக்கிறோம். மே மாதப் பகலில், கொதிக்கும் நான்குவழிச் சாலையில் இரண்டு மணி நேரம் ஓடியபின் டயருக்குள் இருக்கும் காற்று 67 டிகிரிக்குச் சூடாகிவிட்டது என்று கொள்வோம். முழு அழுத்தம் 32உடன் 14.7 சேர்த்து 46.7. வெப்பநிலை 300 கெல்வினிலிருந்து 340 கெல்வினுக்கு உயர்ந்திருக்கிறது. அதாவது பதின்மூன்று சதவீதத்துக்குச் சற்றே மேல். அழுத்தமும் அதே விகிதத்தில் உயர்ந்து 52.9 ஆகும். வளிமண்டலத்தைக் கழித்தால் கேஜ் காட்டப்போவது 38. செல்சியஸையும் கேஜ் எண்ணையும் அப்படியே வைத்துப் பெருக்கி வகுப்பவருக்கு 79 பிஎஸ்ஐ என்று விடை வரும். அதைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். உண்மையான உயர்வு ஆறே பிஎஸ்ஐ. நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமானால், கார் டயரில் ஆறு டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ.

இந்த ஆறு பிஎஸ்ஐ உயர்வு டயரை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாத விஷயமன்று. காரின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் காணும் அளவு, வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது இருக்கவேண்டிய அளவாகும். ஓடும்போது அது கூடும் என்பதைக் கணக்கில் கொண்டே அந்த எண்ணைத் தீர்மானித்திருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் உச்ச அளவு, கார் டயர்களில் பெரும்பாலும் 44 அல்லது 51 பிஎஸ்ஐ, அதுவும் ஆறிய நிலைக்கு உரியதே. நம் கணக்கில் வந்த 38 அதற்கும் வெகுவாகக் கீழேதான் நிற்கிறது.

சரி, அந்த 38ஐப் பார்த்துப் பயந்து, வழியில் ஒரு பங்க்கில் நிறுத்தி 32க்கு இறக்கிவிட்டால் என்ன ஆகும்? அன்றிரவு வண்டி நின்று, மறுநாள் காலையில் டயர் பழையபடி 27 டிகிரிக்கு வந்ததும் கேஜ் 26ஐ ஒட்டிக் காட்டும். தேவையான அளவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. உரிமையாளருக்கு இது தெரியாது. வண்டியைப் பார்த்தாலும் தெரியாது, ஏனெனில் ரேடியல் டயரின் பக்கம் எப்போதுமே சற்றுப் பிதுங்கித்தான் இருக்கும். அந்த 26உடன் அவர் மறுபடியும் நெடுஞ்சாலையில் ஏறுகிறார்.

டயர் சூடாவதற்கு வெயில் ஒரு காரணம். ஆனால் நீண்ட ஓட்டத்தில் பெரிய காரணம் டயரேதான். சக்கரம் சுற்றும்போது தரையைத் தொடும் பகுதி நசுங்கி, தரையைவிட்டு விலகியதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுங்குவதற்குச் செலவான ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை; ஒரு பகுதியை வெப்பமாக வைத்துக்கொள்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் நடுத்தரக் காரின் சக்கரம் நொடிக்குப் பதின்மூன்று முறை சுற்றுகிறது. அதாவது டயரின் ஒவ்வொரு பகுதியும் நொடிக்குப் பதின்மூன்று முறை மடங்கி நிமிர்கிறது. காற்று குறைந்தால் மடங்கல் ஆழமாகிறது, சூடு கூடுகிறது, குறிப்பாகப் பக்கச் சுவரும், பட்டன் (தரையைத் தொடும் வரிப்பகுதி) சேரும் தோள்பகுதியும் கொதிக்கின்றன. ரப்பருக்கும் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிக்கும் உள்ள பிடிப்பு அந்தச் சூட்டில் தளர்ந்து அடுக்குகள் பிரியத் தொடங்குகின்றன. நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டை பட்டையாக உரிந்து கிடக்கும் டயர்த் துண்டுகளில் பல இப்படிப் பிரிந்தவையே.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சரியான அளவில் காற்று இருக்கும் டயர் சூடாகும்போது அழுத்தம் உயர்கிறது. அழுத்தம் உயர்வதால் டயர் விறைத்து மடங்கல் குறைகிறது. மடங்கல் குறைவதால் மேற்கொண்டு சூடாவதும் குறைகிறது. இப்படி அரைமணி ஓட்டத்துக்குள் டயர் தனக்கென ஒரு வெப்பநிலையில் நிலைகொண்டுவிடுகிறது. நாம் எதைக் கண்டு அஞ்சுகிறோமோ அந்த அழுத்த உயர்வுதான் டயரைக் காக்கிறது. காற்றை இறக்குகிறவர் அந்தக் காப்பைத்தான் எடுத்துவிடுகிறார்.

கோடையில் டயர் வெடிப்பு பற்றிய பயம் ஆதாரமற்றது என்று நான் சொல்ல வரவில்லை. சாலையும் வெளிக்காற்றும் ஏற்கெனவே சூடாக இருப்பதால் டயரின் சூடு எளிதில் வெளியேறுவதில்லை. பழைய டயர், தேய்ந்த பட்டன், அளவுக்கு மீறிய பாரம், இடைவிடாத வேகம் ஆகிய எதற்கும் அந்த மாதங்களில் மன்னிப்புக் கிடையாது. ஆனால் அந்தப் பட்டியலில் முதலில் சேர்க்கவேண்டியது குறைந்த காற்று. அதைப் போய் மருந்தாக எழுதித் தருவதுதான் என் ஆட்சேபம்.

எங்கள் பக்கத்துச் சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களிடம் பேசினால் இது விளங்கும். சூடான டயரில் காற்றை இறக்கும் வழக்கம் அனுபவமுள்ள ஓட்டுநர்களிடம் இல்லை. காலையில் 30 டிகிரியில் 110 பிஎஸ்ஐ வைத்துக் கிளம்பிய லாரியின் டயர் 80 டிகிரிக்குச் சூடானால் 130 காட்டும். இருபது பிஎஸ்ஐ கூடியதைக் கண்டு அவர்கள் அலட்டிக்கொள்வதில்லை. அவர்கள் கவலைப்படுவது பின்னால் இரட்டையாகப் பூட்டிய டயர்களில் ஒன்றில் மட்டும் காற்று இறங்கிவிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான், ஏனென்றால் அப்போது அடுத்த டயர் இரண்டின் பாரத்தையும் தாங்க, காற்றில்லாதது வெந்துபோகும். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் ஓர் இரும்பு ராடால் ஒவ்வொரு டயரையும் தட்டி ஓசை கேட்டுக்கொண்டே சுற்றிவருவது அதற்காகவே. கேஜுக்கு அது ஈடாகாது என்றாலும், எதைத் தேடவேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை.

குறைந்த காற்று, வெயில், வேகம் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அவற்றில் பெரும்பகுதி ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பூட்டியவை. ஓடும்போதே டயரின் மேலடுக்கு பிரிந்து வண்டி கவிழ்ந்து பலர் இறந்திருந்தனர்; வெப்பம் மிகுந்த தென்மாநிலங்களில்தான் இத்தகைய விபத்துகள் அதிகம் நேர்ந்தன. அந்த வண்டிக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அளவு 26 பிஎஸ்ஐ. பின்னர் 30 வைக்கும்படி டயர் நிறுவனம் கேட்டுக்கொண்டது. தயாரிப்புக் குறைபாடு, வண்டியின் அமைப்பு, காற்றின் அளவு என்று பழி பல பக்கமும் பங்கிடப்பட்டது. காற்றின் குறைவு ஒன்றே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஆண்டே இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாகத்தான், டயரில் காற்று குறைந்தால் ஓட்டுநருக்கு எச்சரிக்கை விளக்கு எரியும் கருவி அந்நாட்டுப் புதிய கார்களில் கட்டாயமாயிற்று. குறைவுக்கே எச்சரிக்கை வேண்டும் என்று சட்டம் கேட்டது என்பதைத் தங்கள் குறிப்பை எழுதியவர் எண்ணிப்பார்க்கலாம்.

அடுத்து, காற்றுக்குப் பதிலாக டயரில் நிரப்பும் நைட்ரஜன். சூட்டில் அது விரியாது என்று சொல்லி ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். எஞ்சிய ஆக்ஸிஜனும் சூட்டுக்கு அதே விதிப்படியே நடந்துகொள்கிறது. மேலே போட்ட கணக்கில் காற்றை எடுத்துவிட்டுத் தூய நைட்ரஜனை வைத்தாலும் விடை 38தான். நைட்ரஜனால் பயனே இல்லை என்பதன்று. அது உலர்ந்த வாயு. கம்ப்ரசர் காற்றோடு நீர் உள்ளே போய்விட்டால் அது சூட்டில் ஆவியாகிக் கணக்குக்கு மேல் கொஞ்சம் அழுத்தத்தைக் கூட்டும், நைட்ரஜனில் அந்தச் சிக்கல் இல்லை. ரப்பர் வழியாகக் கசிவதும் சற்று மெதுவாகும். பிரேக் கொதிக்கும் விமானச் சக்கரங்களில் தீப்பற்றாமல் இருக்க அதையே நிரப்புகிறார்கள். ஊருக்குள் ஓடும் காருக்கு, மாதம் ஒருமுறை சரிபார்த்துப் பிடிக்கும் இலவசக் காற்றே போதும்.

மலைப்பாதைக்குப் போகுமுன் காற்றை இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இன்னொரு கணக்கு. ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் 32 பிஎஸ்ஐ இருக்கும் கார், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்குப் போய் ஓர் இரவு நின்று, டயர் 15 டிகிரிக்குக் குளிர்கிறது. மேலே வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 14.1இலிருந்து 11.2 பிஎஸ்ஐக்கு இறங்கிவிடுவதால், வெளியே தாங்கிநிற்கும் காற்று குறைந்து கேஜ் மூன்று பிஎஸ்ஐ கூட்டிக் காட்டவேண்டும். ஆனால் இருபது டிகிரிக் குளிர்ச்சி அதே மூன்று பிஎஸ்ஐயைக் குறைத்துவிடுகிறது. கேஜ் மறுபடியும் 32ஐத்தான் காட்டும்! கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மட்டும் மேலே போனதும் உப்பிக்கொள்கிறதே என்றால், அதற்குள் இருப்பது வளிமண்டல அளவு அழுத்தம் மட்டுமே என்பதாலும், அதன் உறை விரிந்துகொடுக்கும் என்பதாலும், குளிரையும் மீறிப் பருமன் கூடுகிறது. ஆகவே ஊட்டிக்குப் புறப்படுகிறவர் காற்றில் கைவைக்க வேண்டியதில்லை; பிரேக்கைப் பார்த்துக்கொண்டால் போதும்.

சமையல் எரிவாயு சிலிண்டரையும் டயரையும் ஒரே மூச்சில் பேசும் குறுஞ்செய்திகள் பற்றி ஒரு வார்த்தை. சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். அதன் மேலே நிற்கும் ஆவியின் அழுத்தம் மேற்சொன்ன நேர்விகிதக் கணக்குக்கு அடங்காது, சூடு ஏற ஏற அதைவிட வேகமாக உயரும். சிலிண்டரை வெயிலில் வைக்கக்கூடாது என்பது நியாயமான எச்சரிக்கை. அதை வைத்து டயருக்கு முடிவு கட்டக்கூடாது.

நம் ஊரில் உண்மையில் காற்றைச் சரிசெய்ய வேண்டிய பருவம் ஒன்று உண்டென்றால் அது மார்கழி. மே மாத அதிகாலைக்கும் டிசம்பர் அதிகாலைக்கும் எட்டுப் பத்து டிகிரி வித்தியாசம் இருந்தால், கசிவே இல்லாத டயரிலும் ஒன்றரை பிஎஸ்ஐ தானாகக் குறைந்திருக்கும். ரப்பர் வழியாக மாதந்தோறும் கசிவது தனி. எந்தப் பருவமானாலும் வண்டி சில மணி நேரம் நிழலில் நின்றபின், காலையில், கதவுத் தூணில் எழுதியிருக்கும் அளவுக்கு வைப்பதே முறை. நிழல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: கிழக்கு வெயில் ஒரு பக்கமாக விழும் இடத்தில் நின்ற காரில் அந்தப் பக்கத்து டயர்கள் மட்டும் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், சமப்படுத்துகிறேன் என்று அவற்றில் இறக்கிவிட்டால் மாலையில் அந்தப் பக்க டயர்களில் மட்டும் காற்று குறைந்திருக்கும். வழியில், டயர் சூடாக இருக்கும்போதுதான் பார்க்க நேர்ந்தது என்றால், அட்டையில் உள்ள அளவைவிடக் கூடுதலாக இருப்பதை அப்படியே விட்டுவிட வேண்டும். சூடான டயரில் சரியாக 32 காட்டினால் அது நல்ல செய்தியன்று. ஆறிய நிலையில் 26, 27தான் இருக்கும் என்று பொருள், உடனே நாலு கூட்டிப் பிடித்து மறுநாள் காலையில் சரிபார்க்க வேண்டும். எல்லா வண்டிக்கும் "முப்பது வையுங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதையும் நாம் விடவேண்டும். இருசக்கர வாகனத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறு. பின்னால் ஆள் உட்கார்ந்தால் அதுவும் மாறும்.

தங்கள் நாளிதழ் வீடு வீடாகச் செல்வது. ஆகவே அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தத்தை, முதல் குறிப்பு வந்த அதே இணைப்பில், கண்ணில் படும்படி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பெட்ரோல் பங்க் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். காற்று பிடிக்கும் கருவிக்குப் பக்கத்தில் "இலவசம்" என்று எழுதியிருக்கும் பலகையில், ஓடி வந்த சூடான டயரில் காற்றை இறக்க வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தால் செலவொன்றும் ஆகாது. தானாக நிற்கும் டிஜிட்டல் கருவி வைத்திருக்கும் பங்க்குகளில் இது இன்னும் அவசியம், ஏனெனில் 32 என்று அழுத்திவிட்டால் சூடான டயரில் இருக்கும் கூடுதல் காற்றை அந்தக் கருவி யாரையும் கேட்காமல் தானே வெளியேற்றிவிடுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
சேலம்.